ஒரு வருஷத்தில் ஒன்பதரை

இரண்டு வயது முடிந்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வரும் தாய்மார்களில் மாதம் ஒருத்தியாவது என்னோடு சண்டைக்கு நிற்பாள். "போன மாசம் எண்பத்தாறுன்னு எழுதினீங்க. இந்த மாசமும் அதே எண்பத்தாறுங்கிறீங்க. ஒரு மாசமா நான் ஊட்டினதெல்லாம் எங்க போச்சு? உங்க பலகை முழுங்கிடுச்சா?" என்பாள். இரண்டு வயது வரைக்கும் பிள்ளையைப் படுக்கப்போட்டு அளப்போம், அதற்குப் பிறகு நிறுத்திவைத்து அளப்போம், நின்றால் முக்கால் சென்டிமீட்டர் போலக் குறைத்துத்தான் காட்டும், அவ்வளவுதான் சங்கதி. பதினேழு வருஷமாக இதைச் சொல்கிறேன். பதினேழு வருஷமாக ஒருத்தியும் நம்பியதில்லை. எனக்கும் வாய் சும்மா இருக்காது. "ஆமாம்மா, உங்க பிள்ளையோட ஒரு சென்டிமீட்டரைத் திருடி நான் வீட்டுக்குக் கொண்டுபோறேன்" என்பேன்.

குழந்தைகள் மருத்துவமனையில் அளவறை என்று ஒன்று உண்டு. டாக்டரைப் பார்ப்பதற்கு முன்னால் எல்லாப் பிள்ளைகளும் அங்கே வந்துதான் போக வேண்டும். எடை பார்க்கும் மெஷின், சுவரில் நிற்கும் அளவுகோல், மேஜை மேல் கைக்குழந்தைகளுக்கான மரப்பலகை, அட்டைகள் அடுக்கிய அலமாரி. இவ்வளவுதான் அறை. படுத்திருக்கும் குழந்தையை ஒரு ஆள் அளக்க முடியாது. ஒருத்தி தலைமாட்டில் நின்று இரண்டு கையாலும் தலையைப் பலகையோடு சேர்த்துப் பிடிக்க வேண்டும். இன்னொருத்தி கால்மாட்டில் நின்று முட்டியை அமுக்கி, நகரும் கட்டையைப் பாதத்தில் இடித்து, அளவைப் படிக்க வேண்டும். நான் கால்மாடு. தலைமாட்டில் நிற்பவள் என்னைவிட ஆறு வயது மூத்தவள், நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். நான் எண்ணைச் சொல்வேன். அவள் அதைத் திருப்பிச் சொல்லிக்கொண்டே அட்டையில் எழுதுவாள், வளர்ச்சிக் கோட்டில் புள்ளி வைப்பாள்.

எங்கள் அறையில் எங்கும் எழுதிவைக்காத விதி ஒன்று உண்டு. பெற்ற பிள்ளையைப் பெற்றவள் அளக்கக்கூடாது. கை தானாக அரை சென்டிமீட்டர் கூட்டிவிடும், கண் அதைப் பார்க்காத மாதிரி இருந்துவிடும். அதனால் என் மகளை அக்கா அளப்பாள், அக்கா மகளை நான் அளப்பேன்.

இரண்டு பெண்களுக்கும் ஒரே வயது. அக்கா மகள் சிறுகூடு. வருஷத்துக்கு ஐந்து சென்டிமீட்டரை எண்ணி எண்ணி வளர்ந்தாள், கீழ்க்கோட்டை விட்டு நகரவே மாட்டாள். என் மகளோ பிறந்தபோது ஐம்பது, முதல் பிறந்தநாளில் எழுபத்தாறு, பிறகு எல்லோரையும் போலத்தான். ஐந்து வயது தாண்டியதும் கிளம்பினாள் பாருங்கள், அப்படி ஒரு வளர்த்தி. மூன்று மாதத்துக்கு ஒரு செருப்பு. பள்ளிக்கூடத்துப் பாவாடையின் மடிப்பைப் பிரித்துப் பிரித்துக் கடைசியில் பிரிப்பதற்கு மடிப்பே இல்லாமல் போனது.

எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் தலைகால் புரியவில்லை. அவர் அவளைக் கொடிக்கம்பம் என்றுதான் கூப்பிடுவார். வீட்டுக்கு யாராவது வந்தால் போதும், "கொடிக்கம்பம், அந்த ஃபிரிஜ் மேல இருக்கிற டப்பாவை எடும்மா" என்பார். அந்த டப்பாவில் ஒன்றுமே இருக்காது. அவள் எட்டி எடுப்பதை வந்தவர்கள் பார்க்க வேண்டும், "அட, என்ன வயசு? நம்பவே முடியலையே!" என்று வாயைப் பிளக்க வேண்டும், அதற்காக வைத்த டப்பா. அது என் ஏற்பாடு.

பிள்ளைகளின் வளர்ச்சியைப் பார்ப்பது என் தொழில். ஆனால் நாங்கள் பயந்ததெல்லாம் கீழே போகிற புள்ளிக்குத்தான். புள்ளி கீழே இறங்கினால் சிவப்புப் பேனாவை எடுப்போம். மேலே ஏறினால் தாய்க்கு ஒரு சிரிப்பு, பிள்ளைக்கு ஒரு தட்டு, அடுத்த ஆளைக் கூப்பிடுவோம். மேலே ஏறுகிறதே என்று யாராவது அழுவார்களா?

அவளுக்கு ஏழு வயது முடிந்த வாரம் அளவறைக்குக் கூட்டிப்போனேன். மத்தியானம், வரிசை ஓய்ந்திருந்தது. அக்கா அவளைச் சுவரோடு நிறுத்தி, குதிகாலைச் சேர்க்கச் சொல்லி, தலையில் கட்டையை இறக்கினாள். நூற்று இருபத்தெட்டரை. ஒரு தடவை அளந்தவள் மறுபடியும் அளந்தாள். மூன்றாவது தடவையும் அளந்தாள். அட்டையைப் புரட்டி முந்தின வருஷத்து அளவைப் பார்த்தாள். பிறகு என் மகளை வெளியே போய் விளையாடச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

"கோவிச்சுக்காம கேளுடி. ஒரு வருஷத்துல ஒன்பதரை வளர்ந்திருக்கா. ஆறு வயசுப் பிள்ளை அஞ்சு வளரும், ஆறு வளரும். ஒன்பதரைங்கிறது பெரிய பொண்ணுங்க வளர்ற வளர்த்தி. ஒரு கோட்டுல இருந்த புள்ளி அடுத்த கோட்டைத் தாண்டிப் போயிடுச்சு."

"நல்லதுதானே" என்றேன்.

"நல்லதில்லை. சீக்கிரம் ஆரம்பிச்சா சீக்கிரம் நின்னுடும். உடம்புல வேற ஏதாவது மாற்றம் தெரியுதா? மாருல?"

தெரிந்தது. இரண்டு மாதமாகவே தெரிந்தது. குளிப்பாட்டும்போது இடது பக்கம் கொட்டைப்பாக்கு அளவுக்குக் கையில் தட்டுப்பட்டது. கொழுப்புக் கட்டி, தானாகக் கரையும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, தடிமனான உள்பாடி நான்கு வாங்கிப் போட்டிருந்தேன். அக்கா அதைக் கேட்டதும் எனக்குச் சுரீரென்றது. யாருக்கும் தெரியாமல் மூடி வைத்திருந்ததை நடுக்கூடத்தில் போட்டு உடைத்த மாதிரி இருந்தது.

"ஒண்ணும் தெரியலை."

"எதுக்கும் டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டிடு. கையை ஒரு எக்ஸ்ரே எடுத்தா தெரிஞ்சிடும். நானும் கூட வரேன்."

அப்போது நான் சொன்னதை இங்கே அப்படியே எழுதுகிறேன், குறைத்துச் சொல்லி என்ன ஆகப்போகிறது. "உன் பொண்ணு பெஞ்சு மேல ஏறி நின்னாக்கூட என் பொண்ணு தோளுக்கு வரமாட்டா. அந்த வயித்தெரிச்சல் உனக்கு. அதான் என் பிள்ளை வளர்ச்சியில நோய் கண்டுபிடிக்கிற. இனிமே என் பொண்ணு விஷயத்துல வாயைத் திறந்தா மேலிடத்துல எழுதிக் கொடுத்துடுவேன், ஞாபகம் வச்சுக்க."

அக்காவின் முகம் செத்துப்போனது. "சரி" என்றாள். உட்கார்ந்து, அட்டையில் அன்றைய அளவை எழுதி, புள்ளி வைத்து, ஓரத்தில் பென்சிலால் "டாக்டரிடம் காட்டவும்" என்று எழுதி என்னிடம் நீட்டினாள். நான் அட்டையை வீட்டுக்குக் கொண்டுபோய் அன்றைக்கே ரப்பர் வைத்து அழித்தேன். பிறகு அந்த அட்டை அலமாரிக்குத் திரும்பவே இல்லை.

அதோடு எங்கள் பேச்சு நின்றது. ஆனால் வேலை நிற்குமா? ஒரு நாளைக்கு முப்பது குழந்தை. அவள் தலையைப் பிடிப்பாள், நான் காலைப் பிடிப்பேன். நடுவில் ஒரு பிள்ளை கிடந்து வீறிடும். நான் எண்ணைச் சொல்வேன், அவள் திருப்பிச் சொல்லி எழுதுவாள். "எழுபத்தொண்ணு புள்ளி நாலு." "எழுபத்தொண்ணு புள்ளி நாலு." ஆறு வருஷம் நாங்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்டது எண்கள் மட்டும்தான். வேறு அறைக்கு மாற்றல் கேட்கலாம்தான். நானும் கேட்கவில்லை, அவளும் கேட்கவில்லை. யார் முதலில் போவது என்ற வீம்பு. தாய்மார்கள் எங்களைப் பார்த்து, "ரெண்டு பேரும் வேலைன்னா வேலைதான், வெட்டிப் பேச்சே கிடையாது" என்று மெச்சினார்கள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கலாம் போல இருக்கும்.

விதியை மீறி என் மகளை நானே அளந்தேன். அக்கா சாப்பிடப் போகிற நேரம் பார்த்துக் கூட்டிவருவேன். எட்டு வயதில் நூற்று முப்பத்தேழு. பத்து வயதுப் பிள்ளைகளுக்குச் சமமாக நின்றாள். பள்ளிக்கூடத்துக் கோச் வந்து, "இவளை எனக்குக் கொடுங்க" என்று கேட்டு வாலிபாலுக்கு எடுத்துக்கொண்டார். பெரிய பிள்ளைகளோடு வலைக்கு முன்னால் நிறுத்தினார். அவள் எகிறி அடித்தால் பந்து எதிர்ப்பக்கம் தரையில் பட்ட பிறகுதான் அவர்களுக்குக் கண் திறக்கும். அதுதான் அவளுக்கு உயிர் என்று ஆகிப்போனது. பதின்மூன்று வயதில் விளையாட்டு விடுதிக்கு ஆள் எடுப்பார்கள், அங்கே போய்விட்டால் படிப்பும் ஆட்டமும் அவர்கள் பொறுப்பு. அந்த ஒன்றைத்தான் பேசுவாள், தூக்கத்திலும் அதைத்தான் பேசுவாள்.

ஒன்பது வயது முடிவதற்குள் பெரியவளானாள். சின்ன உடம்பு, என்னவென்று தெரியாமல் குளியலறையில் கத்தினாள். "இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்கு எல்லாமே சீக்கிரம்" என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். நானும் அதையே பிடித்துக்கொண்டேன். அளவறையில் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். பலகையின் அந்தப் பக்கம் நிற்கிறவளைக் கேட்க என் நாக்கு எழவில்லை.

ஒன்பதில் நூற்று நாற்பத்து மூன்று. பத்தில் நூற்று நாற்பத்தாறு. பதினொன்றில் நூற்று நாற்பத்தேழு. வேறு எவள் பிள்ளையாவது இப்படி ஒன்பது, ஆறு, மூன்று, ஒன்று என்று இறங்கி வந்திருந்தால் நான் அந்தத் தாயை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பேன். "கண்ணு எங்க வச்சிருந்தீங்க?" என்று நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டிருப்பேன். பன்னிரண்டில் அளவுகோல் அதே நூற்று நாற்பத்தேழைக் காட்டியது. நான் அட்டையில் நூற்று நாற்பத்தெட்டு என்று எழுதினேன். யாரை ஏமாற்றினேன்? அட்டையைப் பார்க்க என்னைத் தவிர ஒரு ஆள் கிடையாது.

அதே வருஷம் அக்கா மகள் வளர்ந்தாள். பன்னிரண்டில் ஆரம்பித்து ஒரே வருஷத்தில் பத்து சென்டிமீட்டர். ஒருநாள் அம்மாவுக்குச் சாப்பாடு கொடுக்க வந்தவள், அலமாரியின் மேல்தட்டில் இருந்த அட்டைக் கட்டைச் சும்மா கையை நீட்டி எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனாள். நான் பார்த்ததை அக்கா பார்த்தாள். பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். சே! ஒரு வார்த்தை குத்திக்காட்டியிருந்தால் எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும்.

இதற்குள் கோச் என் மகளை வலைக்கு முன்னாலிருந்து நடுவுக்கு நகர்த்தி, நடுவிலிருந்து பின்வரிசைக்கு நகர்த்தி, பின்வரிசையிலிருந்து பெஞ்சுக்கு அனுப்பியிருந்தார். அவள் விடவில்லை. கதவு நிலையைப் பிடித்துத் தொங்குவாள், ஆயிரம் தடவை கயிறு தாண்டுவாள், யாரோ சொன்னார்கள் என்று தலையணை இல்லாமல் படுப்பாள். "கொஞ்சம் லேட்டாகுது அவ்வளவுதான், இல்லம்மா?" என்று கேட்பாள். "ஆமாடா" என்பேன். கொடிக்கம்பம் என்று கூப்பிடுவதை அவள் அப்பா எப்போது நிறுத்தினார் என்று எங்களுக்கே ஞாபகம் இல்லை. ஃபிரிஜ் மேலே அந்தக் காலி டப்பா மட்டும் இருந்தது. அவளும் அதை எடுப்பதில்லை, நானும் எடுப்பதில்லை.

விளையாட்டு விடுதித் தேர்வுக்கு அவளைக் கூட்டிப்போனது நான்தான். மைதானத்துக்குள் நுழையும் இடத்தில் ஒரு சுவர், சுவரில் நூற்று ஐம்பத்தெட்டில் ஒரு சிவப்புக் கோடு. தலை தொட்டவர்கள் உள்ளே, தொடாதவர்கள் வெளியே. என் மகளின் தலைக்கும் கோட்டுக்கும் நடுவில் அரைச்சாண் இடைவெளி. வாசலில் இருந்த ஆள் அவள் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை, "அடுத்து" என்றான். ஐந்து வருஷம் ஆடியவள் ஒரு பந்தைத் தொடாமல் வெளியே வந்தாள். பஸ்ஸில் அவள் அழவில்லை. "டாக்டர்கிட்ட போகலாம்மா, ஏதாவது மருந்து இருக்கும்" என்றாள்.

எங்கள் மருத்துவமனைக்குப் போகாமல், ஊரின் மறுகோடியில் வளர்ச்சிக் கோளாறு பார்க்கிற ஒரு டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனேன். கை எக்ஸ்ரேயை வெளிச்சப் பெட்டியில் மாட்டினார். "வளர்ற பிள்ளைங்களுக்கு விரல் எலும்போட முனையில ஒரு கறுப்புக் கோடு தெரியும். அங்கிருந்துதான் எலும்பு நீளும். இங்க பாருங்க, கோடே இல்லை. மூடிடுச்சு. மூடி ரெண்டு வருஷமாவது இருக்கும்" என்றார்.

"திறக்க முடியாதா?" என்று கேட்டாள் என் மகள்.

"முடியாதும்மா." டாக்டரம்மா என் உயரத்தைக் கேட்டார், அவள் அப்பா உயரத்தைக் கேட்டார், கணக்குப் போட்டார். "நூத்தி அறுபது வந்திருக்க வேண்டியவ. ஏழு வயசுல வந்திருந்தா ஊசி போட்டு வளர்ச்சியைக் கொஞ்ச காலம் தள்ளிப்போட்டிருக்கலாம். முழுசா இல்லேன்னாலும் ஓரளவு கிடைச்சிருக்கும். பழைய அளவு ஏதாவது இருக்கா?"

அட்டையைக் கொடுத்தேன். கொடுக்காமல் இருந்திருக்கலாம். என் மகள் பையைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள், ஒளிக்க வழியில்லை. டாக்டரம்மா ஆறிலும் ஏழிலும் விரலை வைத்தார். "ஏழு வயசுலயே பட்டவர்த்தனமா தெரியுதே! அளந்தவங்க யாரும் சொல்லலையா?"

என் மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்லை டாக்டர்" என்றேன். "யாரும் சொல்லலை."

"அளக்கத்தான் தெரியும் இவங்களுக்கு" என்று டாக்டரம்மா அட்டையைத் திருப்பிக் கொடுத்தார். என் மகள் அதை வாங்கி, ஏழு வயது வரைக்கும் இருந்த உருண்டையான எழுத்தையும், அதற்குப் பிறகு இருந்த என் கோணல் எழுத்தையும் வெகுநேரம் பார்த்தாள். அந்த உருண்டை எழுத்து யாருடையது என்று அவளுக்குத் தெரியும். சின்ன வயதில் அக்காவைப் பெரியம்மா, பெரியம்மா என்று சுற்றி வந்தவள்தானே.

நான்கு நாள் கழித்து, பள்ளிக்கூடத்துச் சீருடையோடு அளவறைக்குள் வந்தாள். வாசல் வரைக்கும் வரிசை. பலகையில் ஆறு மாதக் குழந்தை ஒன்று கிடந்தது. அக்கா இரண்டு கையாலும் அதன் காதோரம் பிடித்திருந்தாள், நான் முட்டியை அமுக்கியிருந்தேன். இரண்டு பேராலும் கையை எடுக்க முடியாது.

"இது உங்க எழுத்துதானே?" என்று அட்டையை அக்கா முகத்துக்கு நேராக நீட்டினாள்.

அக்கா அட்டையைப் பார்த்தாள். "ஆமாம்மா. என் எழுத்துதான்."

"ஏழு வயசுல ஒன்பதரை. நீங்கதான் எழுதியிருக்கீங்க. எழுதினப்ப கண்ணு தெரியலையா உங்களுக்கு? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் இன்னிக்கு இப்படி நிப்பேனா? எங்கம்மா உங்களை நம்பித்தானே என்னை உங்ககிட்ட அளக்க விட்டாங்க!"

அக்கா என் மகளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். ஆறு வருஷத்தில் முதல் தடவையாக நேருக்கு நேர் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் நானும் கோபப்பட்டுத் தப்பித்திருப்பேன். அவள் காத்திருந்தாள். நான் சொல்வேன் என்று நிஜமாகவே நம்பிக் காத்திருந்தாள். சொல்லவேண்டியது இரண்டே வார்த்தை, அவங்க சொன்னாங்க, அவ்வளவுதான். வாய் வரைக்கும் வந்தது. என் மகளின் முகத்தைப் பார்த்தேன். அந்த முகத்தில் என் மேல் துளி சந்தேகம் இல்லை. அதை இழக்க எனக்குத் துணிச்சல் இல்லை. இருந்த ஒரே பிடிமானம் அதுதான்.

கட்டையைக் குழந்தையின் பாதத்தில் இடித்தேன்.

"அறுபத்தாறு புள்ளி ரெண்டு" என்றேன்.

அக்கா ஒரு கையை எடுத்துப் பேனாவைப் பிடித்தாள். "அறுபத்தாறு புள்ளி ரெண்டு" என்று திருப்பிச் சொல்லி எழுதினாள். புள்ளி வைத்தாள். தலையைத் தூக்கி என் மகளிடம், "தப்புதாம்மா. நான் இன்னும் சத்தமா சொல்லியிருக்கணும்" என்றாள்.

என் மகளுக்கு அது என்ன புரிந்திருக்கும்? "அளக்கத்தான் தெரியும் உங்களுக்கு" என்று சொல்லிவிட்டு, போகிற வழியில் என் தோளை ஒரு தடவை தொட்டுவிட்டுப் போனாள்.

வரிசையில் நின்ற பெண்கள் அக்காவை ஒரு மாதிரி பார்த்தார்கள். பலகையில் கிடந்த குழந்தையின் தாய் அட்டையைப் பிடுங்காத குறையாக வாங்கி, புள்ளியையும் கோட்டையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "என் பிள்ளைக்கு ஒண்ணும் இல்லையே? இருந்தா சொல்லிடுவீங்கல்ல?" என்று கேட்டாள். அக்காவை நம்பாமல் என்னிடம் கேட்டாள்.

"சொல்லிடுவோம்மா" என்றேன்.

குழந்தையைத் தூக்கி அவள் கையில் கொடுத்தேன். அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.